ஒரே ட்ரே, நாலு நாள் சமையல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் பேச்சுவாக்கில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓவனில் ரெண்டு மூன்று ட்ரே காய்கறியைச் சுட்டு வைத்துக்கொண்டு புதன்கிழமை வரைக்கும் ஓட்டிவிடுவேன் என்று எழுதியிருந்தேன். அது என்ன ட்ரே சமையல், எங்கள் வீட்டுக்கு ஒத்துவருமா, பழையதைச் சாப்பிடச் சொல்கிறீர்களா என்று கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். உங்கள் பெயர் விட்டுப்போயிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள், கேள்வி எங்காவது உள்ளே இருக்கும்.

அக்கா, நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வீடு திரும்ப ஏழரை ஆகிவிடுகிறது. கல்யாணத்துக்கு வந்த ஓ.டி.ஜி. (சின்ன மின்சார ஓவன்) மூன்று வருடமாகப் பரணில் தூங்குகிறது, ஒரே ஒரு தடவை கேக் செய்தோம், அதுவும் கருகிவிட்டது. இதில் எப்படி வாரம் முழுக்கச் சமைப்பது? எங்கிருந்து ஆரம்பிக்க?
*வாசகி, கோயம்புத்தூர்*

முதலில் பரணிலிருந்து இறக்குங்கள். கேக் கருகியது உங்கள் தப்பாகவே இருக்காது. சின்ன ஓவன்களில் திருகியில் 180 என்று போட்டிருந்தாலும் உள்ளே 200 இருக்கும், சிலதில் 160தான் இருக்கும். கேக்குக்கு அது பெரிய வித்தியாசம். காய்கறிக்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டியதில்லை, பத்து டிகிரி முன்னே பின்னே இருந்தாலும் கோபித்துக்கொள்ளாது. அதனால்தான் ஓவனைக் கண்டு பயந்தவர்கள் கேக்கை விட்டுவிட்டு காலிஃபிளவரில் ஆரம்பிப்பது நல்லது என்பேன்.

விஷயம் இவ்வளவுதான். தட்டையான ட்ரேயில் காய், கூடவே வேண்டுமானால் பனீரோ வேகவைத்த கொண்டைக்கடலையோ கோழியோ, ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய், உப்பு, மசாலா எல்லாம் பிசறிப் பரப்பி, 200 டிகிரியில் இருபத்தைந்து நிமிடம் விட்டுவிடுவது. நடுவில் ஒரு தடவை திருப்பிவிடுவதோடு சரி. அடுப்படியில் நிற்க வேண்டாம், அந்த நேரத்தில் துணி மடிக்கலாம். அமெரிக்கா மாதிரி இடங்களில் ட்ரேயில் கோழியும் உருளைக்கிழங்கும் ஒன்றாகப் போட்டு, வெந்ததும் தட்டில் வைத்து அதையே ராச்சாப்பாடாகச் சாப்பிட்டுவிடுவார்கள். நமக்கு அது அப்படியே செல்லாது. பிசைந்து சாப்பிட ஏதாவது ஈரமாக வேண்டும், இல்லையென்றால் விக்கிக்கொள்ளும். அதனால் நான் ட்ரேக்குக் கொடுத்திருக்கும் வேலை பொரியல், வறுவல், துவையலுக்கு வதக்குவது, இவ்வளவுதான். சோறு தினமும் குக்கரில். ரசமோ பருப்போ இன்னொரு அடுப்பில். இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து காய் நறுக்கி வதக்கும் அந்த நாற்பது நிமிடம்தான் நம்மைக் கொல்கிறது, அதைத்தான் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுகிறோம்.

முதல் வாரத்துக்கு ஒரே ஒரு ட்ரே போதும். ஒரு நடுத்தரக் காலிஃபிளவரைப் பூப்பூவாகப் பிரித்து, உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் ரெண்டு நிமிடம் போட்டு எடுத்து, துணியில் பரப்பி நன்றாக ஈரம் போக விடுங்கள். இந்த ஈரம் போவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஒரு மேஜைக்கரண்டி நல்லெண்ணெய், முக்கால் டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சாம்பார்ப்பொடி, கையாலேயே பிசறுங்கள். ஓவனைப் பத்து நிமிடம் முன்னாலேயே மேல் கம்பி, கீழ் கம்பி ரெண்டும் எரிகிற மாதிரி 200-ல் சூடாக்கி, ட்ரேயை நடுத்தட்டில் தள்ளுங்கள். பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு திருப்பு. இருபத்தைந்தாவது நிமிடத்தில் பூவின் ஓரமெல்லாம் பழுப்பேறி, காம்பில் கத்தி நுனி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கினால் ஆயிற்று.

நீங்கள் சொன்னது மாதிரியேதான் செய்தேன். வெண்டைக்காய், கத்தரிக்காய், குடைமிளகாய், வெங்காயம் எல்லாம் போட்டேன். சுட்ட மாதிரியே இல்லை, கொழகொழவென்று அவியல் மாதிரி வந்தது. ஓவன் ரிப்பேரா?
*வாசகர், செங்கல்பட்டு*

ஓவன் நன்றாகத்தான் இருக்கிறது. ட்ரேயில் எவ்வளவு காய் போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் என்னால் சொல்ல முடியும்: இடம் தெரியாமல் குவித்திருப்பீர்கள். நானும் முதல் முறை ஒரு கிலோ வெண்டைக்காயை ஒரே ட்ரேயில் கொட்டினேன். அரை மணி கழித்துக் கதவைத் திறந்தால் உள்ளே குப்பென்று ஆவி, ட்ரேயில் நூல் நூலாகக் கோழை, என் பெண் எட்டிப்பார்த்துவிட்டுத் தயிர்சாதம் போதும் என்று போய்விட்டாள்.

காயில் பெரும்பகுதி தண்ணீர். அது ஆவியாகி வெளியே போக வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று கிடந்தால் ஆவிக்கு வழியில்லை, காய் தன் தண்ணீரிலேயே வெந்துவிடும். தண்ணீர் இருக்கிற வரைக்கும் அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, பழுப்பேறுவதோ 140 டிகிரிக்குப் பக்கத்தில் போனால்தான் ஆரம்பிக்கும். அந்தப் பழுப்பில்தான் ருசியே இருக்கிறது. ஆகவே துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே ஒரு விரல் போகிற இடம் விடுங்கள். என் வீட்டு 28 லிட்டர் ஓவன் ட்ரேயில் அரை கிலோ காய்தான் ஒழுங்காக வரும். அதற்குமேல் என்றால் ரெண்டாவது தவணை.

இன்னொன்று, நாலு காயையும் ஒன்றாகப் போட்டிருக்கிறீர்கள். குடைமிளகாய் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும், வெண்டைக்காய்க்கு இருபது, கத்தரிக்காய்க்கு இருபத்தைந்து. ஒன்று வேகும்போது மற்றது குழைந்துவிடும். கேரட், பீட்ரூட், சர்க்கரைவள்ளி ஒரு கூட்டம், இவை முப்பது நிமிடம் வாங்கும். காலிஃபிளவர், பூசணி, கத்தரிக்காய் ஒரு கூட்டம். பீன்ஸ், குடைமிளகாய், பனீர் சட்டென்று முடிகிற கூட்டம். கலந்துதான் போடுவேன் என்றால் மெதுவாக வேகிறதைச் சின்னதாகவும் சீக்கிரம் வேகிறதைப் பெரிதாகவும் நறுக்குங்கள், இல்லாவிட்டால் முதலில் கேரட்டைப் போட்டு, பத்து நிமிடம் கழித்து மற்றதைச் சேருங்கள்.

வெண்டைக்காயைக் கழுவி, துடைத்து, ஒரு மணி நேரம் காற்றாட விட்டு அப்புறம் நறுக்குங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள், முன்னாடியே போட்டால் தண்ணீர் விடும். ஒழுங்காகப் பரப்பினால் ட்ரே வெண்டைக்காயை மிஞ்ச ஆள் இல்லை, வாணலியில் இருபது நிமிடம் கிளறினாலும் அந்த மொறுமொறுப்பு வராது.

எங்கள் மாமியார், சமைத்ததை நாலு நாள் வைத்துச் சாப்பிடுவது உடம்புக்கு ஆகாது, காலையில் செய்தது ராத்திரிக்கே ஆகாது என்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்ல?
*வாசகி, மதுரை*

பதில் சொல்லாதீர்கள், பாதி அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், மதுரை வெயிலில், தேங்காய் போட்ட பொரியல் சாயங்காலத்துக்குள் ஊசிப்போகும். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். ஊசுவது கெட்ட வாடை வந்த பிறகுதான் என்றும் இல்லை, வாடை வராமலேயே கிருமி பெருகியிருக்கலாம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் அவை வேகமாகப் பெருகும், நம் ஊர் அடுப்படி மேடை வருடம் முழுக்க அந்த நடுவில்தான் இருக்கிறது.

அதனால் நேரம்தான் முக்கியம். ட்ரே வெளியே வந்து ரெண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். சித்திரை, வைகாசியில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கக் கொதிக்க டப்பாவில் அடைத்தால் மூடியில் தண்ணீர் கோத்து, காய் நமுத்துவிடும். ட்ரேயிலேயே ஃபேனுக்குக் கீழே இருபது நிமிடம் ஆறவிட்டு, ஆழமில்லாத டப்பாவில் போட்டு மூடி உள்ளே வையுங்கள். ஃபிரிட்ஜ் 4 டிகிரியோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். பலர் வீட்டில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் திருகியை ஒன்றில் வைத்திருப்பார்கள், அதை மட்டும் ஒரு பார்வை பாருங்கள். இப்படி வைத்தால் சுட்ட காய் மூன்று நாள் நன்றாகவே இருக்கும், நாலாவது நாள்தான் எல்லை. நான் புதன்கிழமை ராத்திரியோடு காலி செய்துவிடுகிறேன். வாரம் ஏழு நாளுக்கும் ஞாயிறே செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மீதி நாளுக்குப் புதன்கிழமை இன்னொரு ட்ரே போடுங்கள்.

தேங்காய்த் துருவல் சேர்த்து எடுத்து வைக்க வேண்டாம். சாப்பிடும் அன்று, சூடு பண்ணும்போது தூவிக்கொள்ளலாம். சூடு பண்ணும்போது அன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுத்து, ஆவி பறக்கிற அளவுக்குச் சூடாக்குங்கள். முழு டப்பாவையும் சூடாக்கி மிச்சத்தைத் திரும்ப உள்ளே வைக்கிற பழக்கம் கூடாது. கரண்ட் போனால் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம் வரை தாங்கும்.

மாமியார் பழைய சோற்றைச் சாப்பிடுகிறார்களே, அது மட்டும் சரியா என்று எதிர்க்கேள்வி கேட்டுவிடாதீர்கள். அது நீர் ஊற்றி ஒரு ராத்திரி புளிக்க வைத்து மறுநாள் காலையிலேயே தீர்ந்துவிடுகிற கணக்கு. மேடையில் சும்மா கிடந்த சோற்றைத் திரும்பச் சூடாக்குவதுதான் வம்பு. சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமி விடும் நஞ்சு சூடாக்கினாலும் போகாது. அதனால்தான் சோறு மட்டும் அன்றன்றைக்கு என்று சொன்னேன்.

கோழியையும் காயையும் ஒரே ட்ரேயில் வைக்கலாமா? கோழி வேகுமுன் காய் கருகிவிடுகிறது.
*வாசகர், திருநெல்வேலி*

வைக்கலாம், ஆனால் ஒரே நேரத்தில் இல்லை. எலும்போடு இருக்கும் கால் துண்டுக்கு நாற்பது நிமிடத்துக்குக் குறையாமல் ஆகும். அதை மட்டும் முதலில் வைத்து, இருபது நிமிடம் கழித்து ட்ரேயை வெளியே எடுத்து, கோழியை ஒரு பக்கம் ஒதுக்கி, சின்ன வெங்காயமும் குடைமிளகாயும் மறுபக்கம் பரப்பித் திரும்ப உள்ளே தள்ளுங்கள். எலும்பில்லாத தொடைக்கறி என்றால் மொத்தமே இருபத்தைந்து நிமிடம்தான், பூசணியோடு சேர்த்தே போடலாம். நெஞ்சுக்கறி இந்த வேலைக்குச் சரிப்படாது. ரெண்டு நாள் ஃபிரிட்ஜில் இருந்து சூடாக்கினால் சவுக்கு சவுக்கென்று ஆகிவிடும். கடையில் தொடைக்கறி என்று கேட்டு வாங்குங்கள்.

உங்கள் ஊரில் மிளகு தூக்கலாக வேண்டுமே. அரை கிலோவுக்கு ஒன்றரை டீஸ்பூன் கரகரப்பாக உடைத்த மிளகு, ஒரு டீஸ்பூன் சீரகத்தூள், இஞ்சி பூண்டு விழுது, உப்பு, ரெண்டு மேஜைக்கரண்டி கெட்டித் தயிர், கொஞ்சம் எண்ணெய். தயிர் அதற்குமேல் வேண்டாம், தண்ணீர் விட்டுவிடும். மிளகாய்த்தூளையும் பூண்டையும் வெறுமனே மேலே தூவினால் 200 டிகிரியில் கருகிக் கசக்கும், தயிரிலோ எண்ணெயிலோ குழைத்துத்தான் தடவ வேண்டும். கறிவேப்பிலை கடைசி மூன்று நிமிடத்துக்கு.

வெந்ததா என்று நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கனமான இடத்தில் 74 டிகிரி வந்திருக்க வேண்டும், சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் சந்தேகமே இல்லை. அது இல்லாதவர்கள் எலும்பை ஒட்டிக் கீறிப் பாருங்கள், சிவப்பு தெரியக் கூடாது, வடியும் சாறு தெளிவாக இருக்க வேண்டும். மீனை நான் எடுத்து வைப்பதில்லை. வஞ்சிரத் துண்டு பதினைந்து நிமிடத்தில் ஆகிவிடும், அன்றைக்கே சாப்பிடுவதுதான் அதற்கு மரியாதை.

ட்ரேயில் அலுமினியம் ஃபாயில் விரிக்கலாமா, பட்டர் பேப்பரா? தேய்த்துக் கழுவ முடியவில்லை.
*வாசகி, சேலம்*

பட்டர் பேப்பர். ஆனால் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், மெழுகு பூசிய தாளையும் அதே பெயரில் விற்கிறார்கள், அது ஓவனில் உருகிப் புகையும். எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று உறையில் அச்சடித்திருப்பதை மட்டும் வாங்குங்கள். ஃபாயிலில் தக்காளி, புளி, எலுமிச்சை பட்டால் அங்கங்கே சாம்பல் நிறத்தில் அரித்து, காயிலும் ஒரு தகர ருசி ஏறும். புளிப்பில்லாத காய்க்கு ஃபாயில் போட்டால் குற்றமில்லை.

கரண்ட் பில் எகிறாதா? எங்கள் வீட்டில் ஓவன் போட்டால் ட்ரிப் ஆகிறது.
*வாசகர், திருச்சி*

சாதாரண ஓ.டி.ஜி. 1,500 வாட். இடைவிடாமல் எரிந்தாலும் ரெண்டு மணி நேரத்துக்கு 3 யூனிட். சூடு ஏறியதும் அதுவே நின்று நின்று எரிவதால் அதைவிடக் குறைவாகத்தான் ஆகும். ரெண்டு மாதத்தில் எட்டு ஞாயிறு, எப்படிப் பார்த்தாலும் 24 யூனிட்டைத் தாண்டாது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆனால் ஒரு கைப்பிடி முருங்கைக்காய்க்காக ஓவனைப் போடாதீர்கள். சூடானதும் அடுத்தடுத்து மூன்று ட்ரேயையும் முடித்துவிட வேண்டும்.

ட்ரிப் ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் ஓவனும் கீசரும் ஒரே நேரத்தில் ஓடுவதுதான். எங்கள் வீட்டிலும் ஒரு தடவை அயர்ன்பாக்ஸையும் சேர்த்துப் போட்டு ஹால் முழுக்க இருட்டானது. கனமான 16 ஆம்பியர் பிளக்கில் நேராகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். தனியாக ஓடும்போதும் ட்ரிப் ஆனால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கன்வெக்ஷன் மைக்ரோவேவ் வைத்திருப்பவர்களும் கேட்டிருந்தார்கள். தாராளமாகச் செய்யலாம், ஆனால் இரும்பு ட்ரே கன்வெக்ஷனில், அதாவது சூடான காற்றில் சுடும் முறையில், மட்டும்தான். மைக்ரோ பொத்தானை அமுக்கும்போது உள்ளே உலோகம் இருந்தால் பொறி பறக்கும்.

அப்பாவுக்குச் சர்க்கரை, மகனுக்குக் காய் என்றாலே அலர்ஜி. ட்ரே சமையல் உண்மையிலேயே உடம்புக்கு நல்லதா, இல்லை சும்மா ஃபேஷனா?
*வாசகி, தஞ்சாவூர்*

ஓவனில் வைத்துவிட்டதால் எதுவும் மருந்தாகிவிடாது. உருளைக்கிழங்கை எவ்வளவு நாகரிகமாகச் சுட்டாலும் அது உருளைக்கிழங்குதான். இதில் நான் பார்க்கிற லாபம் ரெண்டு. ஒன்று எண்ணெய். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் 2,000 கலோரி கணக்கில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கொழுப்பும் எண்ணெயும் 27 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். 27 கிராம் என்றால் ரெண்டு மேஜைக்கரண்டி. அப்பளம் பொரித்து, வாழைக்காய் வறுத்து, தாளித்துக் கொட்டினால் மத்தியானத்துக்குள் தாண்டிவிடும். ட்ரேயில் அரை கிலோ காய்க்கே ஒரு மேஜைக்கரண்டி போதும், அதையும் மூன்று பேர் பகிர்ந்துகொள்கிறோம்.

ரெண்டாவது லாபம் அளவு. 400 கிராம் காய் என்பது கேட்கும்போது சாதாரணமாகத் தெரியும், தராசில் வைத்துப் பாருங்கள், மலைப்பாக இருக்கும். நம் வீடுகளில் பொரியல் என்பது சோற்று மலையின் ஓரத்தில் ஒரு ஸ்பூன். டப்பாவில் தயாராக இருக்கும்போது கை தானாக இன்னொரு கரண்டி அள்ளும். அப்பாவுக்குத் தட்டில் பாதி இடம் காய்க்கு என்று பழக்குங்கள். சர்க்கரைவள்ளியும் உருளையும் சோற்றுக்குப் பதிலாக, சோற்றோடு சேர்த்து இல்லை. மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர் என்றால் சோற்றின் அளவைத் திடீரென்று குறைக்கும் முன்னால் அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேரட், மஞ்சள் பூசணியில் இருக்கும் சத்து கொஞ்சம் எண்ணெயோடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும், அதனால் எண்ணெயே இல்லாமல் சுடுகிறேன் என்று கிளம்ப வேண்டாம். சூட்டில் வைட்டமின் சி போகும், அது உண்மை. அதற்குத்தான் சாப்பிடும்போது அரை மூடி எலுமிச்சை பிழிந்துகொள்வது.

மகன் விஷயம். கேரட்டை விரல் நீளத்துக்கு நறுக்கி, மிளகும் உப்பும் மட்டும் போட்டு ஓரம் சுருங்கும்வரை சுட்டு, பெயர் சொல்லாமல் டி.வி. முன்னால் ஒரு கிண்ணத்தில் வையுங்கள். சுடும்போது தண்ணீர் வற்றி இனிப்பு தூக்கலாகத் தெரியும். வேகவைத்த கொண்டைக்கடலையைத் துடைத்து முப்பது நிமிடம் சுட்டாலும் அப்படித்தான், கரகரவென்று தின்பண்டம் மாதிரி ஆகிவிடும். அதை மட்டும் ஃபிரிட்ஜில் வைத்தால் நமுத்துப்போகும், அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

ஓவனே இல்லாதவர்கள் என்ன செய்வது?
*வாசகி, நாகர்கோவில்*

கனமான இரும்பு தோசைக்கல்தான் உங்கள் ட்ரே. கால் கிலோ காய், மிதமான தீ, மூடி போடக் கூடாது, ரெண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை கிளறவும் கூடாது. ஒரு பக்கம் சிவந்ததும் திருப்புங்கள். கேரட், பீன்ஸ் என்றால் இட்லித்தட்டில் ஐந்து நிமிடம் ஆவியில் வைத்துவிட்டுக் கல்லில் போடலாம். நேரம் மிச்சமாகாது, எண்ணெய் மிச்சமாகும். ஏர் ஃப்ரையர் இருந்தால் 180 டிகிரி, பாதியில் ஒரு குலுக்கு, ஆனால் கூடை சின்னது, நாலு பேர் குடும்பத்துக்கு மூன்று தடவை போட வேண்டும்.

நாங்கள் மூன்று பேர் துரைப்பாக்கத்தில் அறை எடுத்து இருக்கிறோம், மூன்று பேரும் ஐ.டி. ஓ.டி.ஜி. ஒன்று இருக்கிறது, ஒரு இன்டக்ஷன் அடுப்பு, ஒரு குக்கர். தினமும் ஆர்டர் பண்ணிச் சாப்பிட்டு வயிறும் பர்ஸும் போச்சு. ஞாயிறு என்ன செய்து வைத்தால் வாரத்தை ஓட்டலாம், அப்படியே வரிசையாகச் சொல்லுங்களேன்.
*வாசகர், சென்னை*

தம்பி, போன ஞாயிறு நான் செய்ததை அப்படியே சொல்கிறேன், மூன்று பேருக்குச் சரியாக வரும்.

சனிக்கிழமை ராத்திரி கால் கிலோ கொண்டைக்கடலையை ஊறப்போட்டேன். மறுநாள் நாலரை மணிக்கு அதைக் குக்கரில் ஏற்றிவிட்டு நறுக்க உட்கார்ந்தால் நறுக்குவதற்கே நாற்பது நிமிடம் ஆகும், பொய் சொல்ல மாட்டேன். நீங்கள் மூன்று பேர், ஆளுக்கு ஒரு கத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் ட்ரே, காலிஃபிளவரும் கேரட்டும், சாம்பார்ப்பொடி பிசறி. ரெண்டாவது ட்ரேதான் என் செல்லம்: ஆறு தக்காளி பாதியாக வெட்டியது, இருபது சின்ன வெங்காயம் தோலுரித்தது, ஒரு பெரிய கத்தரிக்காய், நாலு பச்சை மிளகாய், ஒரு முழுப்பூண்டு. கத்தரிக்காயை நாலைந்து இடத்தில் கத்தியால் குத்திவிட வேண்டும், மிளகாயைக் கீறிவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே படார் என்று வெடிக்கும், ஓவன் சுவரைத் தேய்ப்பது உங்கள் தலையெழுத்தாகிவிடும். பூண்டின் தலையைச் சீவி, நாலு சொட்டு எண்ணெய் விட்டு ஃபாயிலில் பொட்டலம் கட்டி ஒரு மூலையில் வையுங்கள். மிளகாயைப் பதினைந்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள், மற்றதெல்லாம் நாற்பது நிமிடம். கத்தரிக்காய் காற்றுப்போன பலூன் மாதிரி உட்கார்ந்துவிடும், பூண்டைப் பிதுக்கினால் வெண்ணெய் மாதிரி வழியும். விறகடுப்புத் தணலில் சுட்ட அந்தப் புகைவாசம் வராது, அது வேண்டுமென்றால் கிராமத்துக்குத்தான் போக வேண்டும்.

மூன்றாவது ட்ரே, தொடைக்கறியோ பனீரோ. பனீருக்குப் பன்னிரண்டு நிமிடம், அதற்குமேல் விட்டால் ரப்பர்.

இப்போது வாரத்தைப் பாருங்கள். ஞாயிறு ராத்திரி சோறு, ரசம், மூன்றாவது ட்ரேயில் பாதி. திங்கள் மத்தியான டப்பாவுக்கு எலுமிச்சை சாதமும் காலிஃபிளவரும், சோற்றைக் காலையில் வடித்துக் கிளறுங்கள். ராத்திரி சப்பாத்தி, நடுவில் கொண்டைக்கடலை, மீதிப் பனீர் அல்லது கோழி, பச்சை வெங்காயம், சுருட்டிச் சாப்பிடுங்கள். சப்பாத்தி இட வராது என்றால் பாதி வேகவைத்தது கடையில் கிடைக்கிறது, குற்ற உணர்ச்சி வேண்டாம். செவ்வாய்க்கிழமை கடை மாவில் இட்லி ஊற்றி, கத்தரிக்காய்த் தோலை உரித்து மசித்து, புளித்தண்ணீர் கொஞ்சம், சின்ன வெங்காயத்தில் பாதி, கடுகு பெருங்காயம் தாளித்துக் கொத்சு. பத்து நிமிடம்கூட ஆகாது. புதன்கிழமை தக்காளி, பூண்டு, மீதி வெங்காயம், மிளகாய் எல்லாவற்றையும் மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் தோசைக்குச் சட்னி. அதையே கொஞ்சம் எடுத்து, மிச்சமிருக்கும் கேரட்டோடு சேர்த்து, வெந்த சேமியாவிலோ பாஸ்தாவிலோ கிளறினால் ராத்திரி சாப்பாடும் முடிந்தது. பூண்டை மட்டும் ஃபிரிட்ஜில் எண்ணெயில் மிதக்கவிட்டு நாள்கணக்கில் வைக்காதீர்கள், அதில் ஆபத்தான கிருமி வளரும்.

வியாழக்கிழமை எதுவும் மிச்சமிருக்காது. முட்டையும் பருப்பும் கீரையும் வாங்கி வந்து புதிதாகச் சமையுங்கள். வெள்ளிக்கிழமை ஆர்டர் பண்ணிக்கொள்ளுங்கள், போகட்டும்.

ஒரே ருசியாக இருக்கிறது என்று ரெண்டாவது வாரமே அலுக்கும். அதற்குத்தான் ட்ரேயில் உப்பும் எண்ணெயும் லேசான மசாலாவும் மட்டும் போட்டு, பரிமாறும்போது பொடியை மாற்றுவது. ஒரு நாள் இட்லிப்பொடி, ஒரு நாள் பருப்புப்பொடி, ஒரு நாள் வறுத்த எள்ளு. ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பும் பொடி டப்பாக்களெல்லாம் இதற்குத்தான் ஆகும்.

சேனைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் ட்ரேயில் வருமா? சேனை போட்டுப் பார்த்தேன், நாக்கெல்லாம் அரித்துவிட்டது.
*வாசகி, கும்பகோணம்*

பச்சையாகப் போட்டிருப்பீர்கள். சேனையில் ஊசி ஊசியாக ஒரு உப்புப் படிகம் இருக்கிறது, அதுதான் நாக்கைக் குத்துகிறது. துண்டாக்கி, புளித்தண்ணீரும் மஞ்சளும் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, வடித்து, நன்றாக உலர்த்தி அப்புறம் ட்ரேக்குக் கொண்டுபோங்கள். நறுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

சேப்பங்கிழங்குக்கு ட்ரேயை விட்டால் வேறு வழியே இல்லை என்று சொல்வேன். வாணலியில் அதற்கு எண்ணெய் ஊற்றி மாளாது. குக்கரில் ஒரே விசில், குழைந்தால் கதை முடிந்தது. தோலை உரித்து, உள்ளங்கையில் வைத்து லேசாக அமுக்கித் தட்டையாக்கி, மிளகாய்த்தூள், உப்பு, பெருங்காயம், ஒரு மேஜைக்கரண்டி அரிசிமாவு, ரெண்டு மேஜைக்கரண்டி எண்ணெய், இதற்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், பிசறிப் பரப்பி 210 டிகிரியில் முப்பது நிமிடம், நடுவில் ஒவ்வொன்றாகத் திருப்பிவிட வேண்டும். ஓரம் முறுகி நடுவில் மெத்தென்று வரும். இதை எடுத்து வைக்க முடியாது, மறுநாள் தோல் மாதிரி இழுக்கும். சுட்ட அன்றைக்கே, மோர்க்குழம்போடு.